நாற்பது சென்ட் கோரா

கோரா வாவ்ராவுக்கு எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கிப் பழக்கமில்லை. குளிர்காலத்துக்கான கோட்டு ஏப்ரலில்தான் வாங்குவாள். ஹாலோவீன் பூசணியைப் பண்டிகை முடிந்த மறுநாள் வாங்கி வந்து வாரம் முழுக்க சூப் வைப்பாள். வெஸ்லி அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்தது ஒரு நவம்பரில். சம்மதம் அந்த நிமிடமே கிடைத்தது. மோதிரத்துக்கு மட்டும் ஜனவரி வரை பொறுக்கச் சொன்னாள், கிறிஸ்துமஸ் கூட்டம் ஓய்ந்தால் நகைக்கடைக்காரர் இறங்கி வருவார் என்று. வெஸ்லி இந்தக் கதையை ஒமாஹாவில் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

இதைக் கேட்டு அவளைக் கஞ்சம் என்று நினைப்பவர்கள் அவளை அறியாதவர்கள். பக்கத்து வீட்டுக் கிழவரின் கூரை பனிப்பாரத்தில் இறங்கியபோது முதலில் பணம் நீட்டியவள் அவள்தான். கொடுப்பதில் கணக்கே பார்க்க மாட்டாள். வாங்கும்போது மட்டும் உள்ளே ஒரு தராசு தொங்கும். எங்கள் ஊரில் இது பலருக்கும் இருக்கிற வியாதி. ஒரு டாலர் பெறும் பொருளை அரை டாலருக்கு வாங்கு, வாங்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு என்று சொல்கிற முதலீட்டுக்காரர்களின் தலைநகரமே ஒமாஹாதான். ஒவ்வொரு மே மாதமும் ஒரு சனிக்கிழமை, பங்குதாரர் கூட்டத்துக்கென்று உலகமே இங்கு வந்து இறங்கும். ஹோட்டல்காரர்கள் மூன்று மடங்கு வாடகை கேட்பார்கள். விலை மலிவாக இருக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பேசுகிறவர்கள் அதை முணுமுணுக்காமல் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கோராவின் அப்பா தெற்கு ஒமாஹாவில் இறைச்சி பதப்படுத்தும் ஆலையில் மேஸ்திரி. அவள் கல்லூரி முடித்ததும் லாரி இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். விபத்து நடந்தால் யார் மேல் தப்பு, எவ்வளவு தரலாம் என்று பார்த்து முடித்துவைக்கும் வேலை. நன்றாகவே செய்தாள். ஆனால் அவள் உயிரோடு இருந்ததெல்லாம் சனிக்கிழமை காலைகளில்தான். ஒரு செக் நாட்டுப் பேக்கரியின் மூலை மேஜையில் மூன்று பேர் கூடுவார்கள்: கோரா, இறைச்சிக்கடை வைத்திருக்கும் அவள் சிநேகிதி ஜனெல், நகரப் பேருந்து ஓட்டும் ஆஸி. மூவரும் பொதுவில் பணம் போட்டுப் பங்கு வாங்குவார்கள். எதை வாங்குவது என்று கோரா சொல்வாள். ஜனெல் கிண்டல் செய்வாள். ஆஸி தலையாட்டுவார். பத்து வருஷத்தில் அந்தப் பணம் நான்கு மடங்காகி இருந்தது.

எட்டு மடங்காகி இருக்க வேண்டியது. அதுதான் நாற்பது சென்ட் கதை.

மேற்கு நெப்ராஸ்காவில் தானியக் களஞ்சியங்களுக்குக் காற்றாடி செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. சோளத்தை உலர்த்த எந்த விவசாயியும் வேறு காற்றாடி வாங்குவதில்லை. கோரா ஒரு வாரம் லீவு போட்டு, பண்ணை பண்ணையாகப் போய்க் கேட்டுவந்தாள். கணக்குப் போட்டு, பதினெட்டு டாலருக்கு வந்தால் மொத்தப் பணத்தையும் இதில் போடலாம் என்று அறிவித்தாள். விலையும் இறங்கிக்கொண்டே வந்து பதினெட்டு டாலர் நாற்பது சென்டில் நின்றது. வாங்கிவிடலாமே என்றாள் ஜனெல். கோரா கறாராகப் பதினெட்டு என்றாள். இரண்டு நாள் அங்கேயே நின்ற விலை, மூன்றாம் நாள் பத்தொன்பதாயிற்று. அப்புறம் இருபத்திரண்டு. இன்றைக்கு நூற்று அறுபதுக்கு மேல். அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் நாற்பது சென்ட் கோரா. கடையில் அவள் எதையாவது திருப்பித் திருப்பிப் பார்த்தால் போதும், ஜனெல் பின்னாலிருந்து "நாப்பது சென்ட்!" என்று கூவுவாள்.

கோராவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அவளால் சிரிக்க முடியாமல் போனது வெஸ்லி கேட்ட ஒரே ஒரு கேள்விக்குத்தான். அவனுக்குப் பங்கு விவகாரம் ஒன்றும் தெரியாது, ஹீட்டரும் ஏசியும் ரிப்பேர் செய்கிறவன். கதையைக் கேட்டுவிட்டு அப்பாவியாகக் கேட்டான்.

"சரி, பதினெட்டு நாப்பதுக்கு விட்டுட்டே. மூணாம் நாள் பத்தொன்பது ஆச்சே, அப்ப ஏன் வாங்கல?"

"நேத்து பதினெட்டு நாப்பதுக்கு வேண்டாம்னு சொன்னதை இன்னிக்குப் பத்தொன்பதுக்கு வாங்கறதா?"

"பொருள் அதேதானே?"

"உனக்கு இதெல்லாம் புரியாது, வெஸ்" என்று எழுந்து போய்விட்டாள். பதில் இல்லாத இடத்தில்தான் அவள் அப்படி எழுந்து போவாள். வெஸ்லி அதற்குப் பிறகு கேட்கவில்லை.

முப்பத்தொரு வயதில் கோராவுக்கு ஒன்று தெளிவாயிற்று. சனிக்கிழமை மட்டும் செய்வதை வாரம் முழுக்கச் செய்ய வேண்டும். அடுத்தவர் பணத்தை வாங்கி, மதிப்புப் பார்த்து முதலீடு செய்வதே தொழிலாக வேண்டும். அதற்கு அவளுக்குத் திறமை இருந்தது, அது அவளுக்கே தெரியும், சொல்லிக்கொள்ள வெட்கமும் இல்லை. ஆனால் லாரி விபத்துக் கணக்குப் பார்க்கும் ஒமாஹாப் பெண்ணின் விண்ணப்பத்தை முதலீட்டுக் கம்பெனிகள் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. ஐம்பது இடத்துக்கு எழுதி அதை உறுதி செய்துகொண்டாள். உள்ளே போக ஒரு வாசல் வேண்டும். நல்ல பிசினஸ் ஸ்கூலில் எம்.பி.ஏ. படிப்பதுதான் அந்த வாசல்.

இரண்டு இடத்தில் சேர்க்கை கிடைத்தது. ஒன்று அயோவாவில். நல்ல பள்ளி, கல்விக்கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, காரில் இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். இன்னொன்று நியூயார்க்கில். பெறுமானத்துக்குக் குறைந்த விலையில் வாங்கும் மதிப்பு முதலீட்டுக்கென்றே அங்கே ஒரு தனி வகுப்பு உண்டு. நாற்பது பேர்தான். பாடம் நடத்துகிறவர்கள் நடப்பில் பெரிய பணத்தை நிர்வகிப்பவர்கள், தங்களுக்கு வேண்டிய ஆட்களையும் அங்கிருந்தே பொறுக்கிக்கொள்வார்கள். கோராவுக்கு அந்த வகுப்பிலேயே இடம் கிடைத்திருந்தது. கட்டணம்தான் இடித்தது. இருபத்து நாலாயிரம் டாலர் உதவித்தொகை தருவதாகச் சொன்னார்கள். அதைக் கழித்தாலும், வீடு வாங்கவென்று அவளும் வெஸ்லியும் சேர்த்து வைத்ததில் பெரும்பகுதி போய்விடும்.

"எனக்கென்ன, நியூயார்க்ல ஹீட்டர் கெட்டுப்போகாதா?" என்றான் வெஸ்லி. "எங்கேன்னு நீ முடிவு பண்ணு. வேன்ல சாமானை ஏத்தறது என் வேலை."

பத்திரிகைகள் போடும் தரவரிசையை அவள் சீண்டவில்லை. கம்பெனிகளை எடைபோடுவது போலவே பள்ளிகளையும் எடைபோட்டாள். விளம்பரப் புத்தகத்தில் சிரிக்கும் பழைய மாணவர்களை விட்டுவிட்டு, அதில் படம் வராதவர்களைத் தேடிப்பிடித்துப் பேசினாள். கடைசியில் நியூயார்க் பள்ளிக்கு ஒரு விலை போட்டாள். முப்பதாயிரம் உதவித்தொகை கிடைத்தால் அது நல்ல பேரம். இருபத்து நாலு என்றால் ஆறாயிரம் அதிகம்.

பதில் சொல்லக் கெடு, பங்குதாரர் கூட்டம் நடக்கும் வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை. வியாழக்கிழமை மதியம் அலுவலகத்தில் சாண்ட்விச் தின்றுகொண்டே பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். மிகப் பணிவான மின்னஞ்சல்தான். முப்பதாயிரம் தந்தால் உடனே சேருகிறேன், இல்லையென்றால் நான் விலகிக்கொண்டதாக வைத்துக்கொள்ளலாம் என்று முடித்திருந்தாள். பங்குத் தரகரிடம் இந்த விலைக்கு வந்தால் வாங்கு, வராவிட்டால் விடு என்று சொல்லி வைப்பார்களே, அதே கை, அதே பழக்கம். அனுப்பிவிட்டு, தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு, மிச்ச சாண்ட்விச்சைச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை விடியும் நேரத்தில் கூட்ட அரங்கின் வாசலில் வரிசை தெருமுனை தாண்டியிருந்தது. கதவு திறக்க இன்னும் நேரம் இருந்தது. மடக்கு நாற்காலிகள், கம்பளிகள், நான்கைந்து பாஷைப் பேச்சு. உள்ளூர்க்காரர்கள் இந்த வரிசையில் வருஷா வருஷம் நிற்பவர்கள். கோராவும் ஜனெலும் ஒரு பெட்டி நிறையக் கொலாச்சி பன்னும் பெரிய பிளாஸ்கில் காபியும் கொண்டுவந்திருந்தார்கள். ஆப்ரிகாட் கூழ் வைத்த பன், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியது. ஜனெல் தின்பதற்கு எடுத்து வந்தாள். கோராவுக்கு வேறு திட்டம் இருந்தது.

"ஒரு பன், ஒரு கேள்வி" என்று வரிசையில் கூவினாள். "எந்தப் பள்ளியில படிச்சீங்க? மறுபடி அதே விலை குடுத்துப் போவீங்களா?"

"வெக்கமே கிடையாதாடி உனக்கு?" என்றாள் ஜனெல்.

"உலகத்துல இருக்கற முதலீட்டுக்காரங்க எல்லாம் என் ஊர் வாசல்ல வந்து பசியோட நிக்கறாங்க. இதைவிட மலிவா எங்கே விசாரிக்கறது?"

டெக்ஸாஸ் பல் டாக்டர் ஒருவர் முதல் பன்னை வாங்கிக்கொண்டார். "நான் எந்தப் பள்ளிக்கும் போகலைம்மா. கம்பெனி அறிக்கையெல்லாம் பாத்ரூம்ல உட்கார்ந்து படிச்சேன். செலவு, தண்ணி பில் மட்டும்தான்."

டென்மார்க்காரர் ஒருவர் மிகத் தீவிரமாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க நாட்டுல படிப்பு இலவசம். அதனால அது எவ்வளவு பெறும்னு நான் யோசிச்சதே இல்ல. இப்ப நீங்க கேட்டதும் கவலையா இருக்கு."

பாஸ்டனிலிருந்து வந்த ஐம்பது வயதுப் பெண்மணி, கோராவுக்குக் கிடைத்த அதே நாற்பது பேர் வகுப்பில் எப்போதோ படித்தவர். "விலை அநியாயம்" என்றார். "அப்பவும் அநியாயம், இப்பவும் அநியாயம்."

"அப்ப மறுபடி போக மாட்டீங்க?"

"நாளைக்கே போவேன்."

"ஏன்?"

"அது ரெண்டாவது கேள்வி. இன்னொரு பன் ஆகும்" என்று கையை நீட்டினார். கோரா பெட்டியைத் திறப்பதற்குள் வரிசை நகர்ந்து, கூட்டம் நடுவில் புகுந்து, அந்தப் பெண்மணி போயே போய்விட்டார்.

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள், தூங்கி எழுந்த தலையோடு, தரையில் விரித்த பைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தனி வகுப்பில் இப்போது படிக்கிறவர்கள். வருஷம் தவறாமல் ஒரு கும்பலாக இங்கே வருவார்களாம். அவர்களில் ஹானா யூன் என்கிற குள்ளமான பெண் முன்னால் வந்து இரண்டு பன்னை எடுத்துக்கொண்டாள். அந்த வரிசையில் யாரும் யாரையும் பெயர் கேட்பதில்லை. அவளும் வழக்கமான கேள்வியையே கேட்டாள்.

"நீங்க எந்தக் கம்பெனிப் பங்கு வெச்சிருக்கீங்க, மேடம்?"

கோராவுக்கு இதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது. சனிக்கிழமை மேஜையின் பணத்தில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியில் இருந்தது. நெடுஞ்சாலை ஓரங்களில் லாரிகளுக்கு எடைமேடை வைத்து நடத்தும் கம்பெனி. பாரம் கூடிப்போனால் அபராதம் என்பதால் லாரிக்காரர்கள் அதில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஒரு எடைமேடைக்குப் பக்கத்தில் இன்னொருவன் வந்து எடைமேடை போட மாட்டான். கோரா கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். ஜனெல் பெருமையோடு தலையாட்டினாள்.

ஹானா பன்னை மென்று முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். "லாரி ஓட்டறவங்ககிட்ட பேசியிருக்கீங்களா?"

"தினமும் பேசறேன். லாரி விபத்துதானே என் வேலையே."

"அப்ப சொல்லுங்க, வண்டியில எவ்வளவு பாரம்னு அவங்களுக்கு எப்படித் தெரியுது?"

"மேடையில ஏத்தித்தான்."

"புது வண்டியில டிரைவர் கண்ணு முன்னாலயே காட்டுதே. எந்த அச்சு மேல எவ்வளவு பாரம்னு, சீட்ல உட்கார்ந்தே பாத்துக்கலாம்."

"அது சட்டப்படி செல்லாதும்மா. மேடைச் சீட்டுதான் செல்லும்."

"செல்லாதுதாங்க. ஆனா பாரம் ரொம்பக் கம்மின்னு தெரிஞ்சவன் எதுக்கு வண்டியை நிறுத்திக் காசு குடுக்கணும்? சந்தேகம் இருக்கறவன் மட்டும்தானே நிறுத்துவான்? பழைய வண்டியெல்லாம் ஓஞ்சு போனா உங்க மேடைக்கு யார் வருவாங்க?"

கோரா ஆட்டிக்கொண்டிருந்த கையை இறக்கினாள். இரண்டு வருஷமாக, புது லாரி சிக்கிய விபத்துகளில் எல்லாம் அந்த அச்சுப் பாரக் கணக்கு அவள் மேஜைக்கு வந்துகொண்டிருந்தது. அதை வைத்துத்தான் யார் மேல் தப்பு என்று முடிவு செய்வாள். அந்த எண் தன்னுடைய எடைமேடைக் கம்பெனியைத் தின்றுகொண்டிருக்கலாம் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. முதலில் வெட்கம் வந்தது. அதைத் தள்ளிவிட்டு ஒரு சந்தோஷம் வந்தது. அப்படியொரு சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். பத்து வருஷமாக அந்தப் பேக்கரி மேஜையில் நீ சொல்வது தப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. அவள் சொல்வதுதான் அங்கே வேதம்.

"இரு, இரு, போகாதே" என்று ஹானாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடைக்குக் கீழ இருக்கற நிலம் யாரோடதுன்னு பாத்தியா? எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கற இடத்துல, லாரி நிக்கற அளவு காலி நிலம். மேடையைப் பேத்துப் போட்டாலும் அந்த நிலத்தோட விலை என்ன?"

"அது எனக்குத் தெரியாதே" என்ற ஹானா திரும்பி, "டேய், எல்லாரும் இங்க வாங்கடா" என்று தன் கூட்டாளிகளைக் கூப்பிட்டாள். அடுத்த கொஞ்ச நேரம் அங்கே ஒரே கூச்சல். ஒருவன் நிலத்துக்கு வரி எவ்வளவு என்றான், ஒருத்தி சார்ஜ் ஏற்றும் மின்லாரிகள் அங்கேதான் வந்து நிற்கும் என்றாள், இன்னொருவன் அதெல்லாம் கனவு என்றான். கோரா நடுவில் நின்று எல்லோரிடமும் சண்டை பிடித்தாள். சண்டைக்கு இடையே தனக்கும் அந்த வகுப்பில் இடம் கிடைத்திருப்பதைச் சொன்னாள். பன் பெட்டி காலியானது யாருக்கும் தெரியவில்லை. இந்த இரைச்சலுக்குத்தான் தான் விலை போட்டிருக்க வேண்டும் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. பாடத்துக்கும் பட்டத்துக்கும் வேலைக்கும் போட்ட கணக்கில் இது எந்த வரியிலும் இல்லை. ஆறாயிரம் அதிகம் என்று நினைத்தது சுத்தத் தப்பு. பள்ளி பாதி விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

"ஆகஸ்ட்ல வந்துடுவீங்கல்ல?" என்றாள் ஹானா.

"வரணும்னுதான். முப்பதாயிரம் கேட்டு எழுதியிருக்கேன்."

ஜனெல் சட்டென்று திரும்பினாள். அவளிடம் கோரா இதைச் சொல்லியிருக்கவில்லை. "அவங்கதான் இருபத்து நாலு குடுத்துட்டாங்களே. எப்படி எழுதினே?"

"முப்பது இல்லேன்னா நான் விலகிக்கிட்டதா வெச்சுக்கோங்கன்னு."

"அடிப்பாவி!" என்று ஜனெல் பிளாஸ்கைத் தரையில் வைத்தாள். "இந்தத் தடவை ஸ்கூலுக்கே நாப்பது சென்ட்டா?"

மாணவர்கள் முதலில் சிரித்தார்கள். ஹானா சிரிக்கவில்லை. "வருஷத்துக்கு ஒருத்தர் இப்படி எழுதிடறாங்க, மேடம். வக்கீலுக்குப் படிக்கறவங்க, டாக்டருக்குப் படிக்கறவங்க யாரும் எழுத மாட்டாங்க. நம்ம ஆளுங்கதான். ஆபீஸ்ல அதை வெறும் பேரம்னு எடுத்துக்க மாட்டாங்க. நீங்க சொன்னதைச் சொன்னபடி செஞ்சிடுவாங்க."

வரிசையில் நின்றபடியே கோரா இன்னொரு மின்னஞ்சல் அனுப்பினாள். முந்தையதை மறந்துவிடுங்கள், இருபத்து நாலுக்கே சேருகிறேன் என்று இரண்டே வரி. சனிக்கிழமை காலையில் அதைப் படிக்க அங்கே யார் இருப்பார்கள்? கதவு திறந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் நல்ல இருக்கை பிடிக்க ஓடினார்கள். வருஷா வருஷம் முழங்கையால் இடித்துக்கொண்டு ஓடும் கோரா அன்றைக்கு நடந்தே போனாள். மேடையில் என்ன பேசினார்கள் என்று ஆறு மணி நேரமும் அவள் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெஸ்லியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டவில்லை. அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பள்ளி திறக்கும் நேரம் பார்த்துச் சமையலறையில் நின்றபடி போன் செய்தாள். சேர்க்கைப் பிரிவில் திருமதி பெட்வே என்கிற அம்மாள் எடுத்தார். குரலில் கோபம் இல்லை, குழைவும் இல்லை.

"உங்க ரெண்டு மெயிலையும் பாத்தேன், மிஸஸ் வாவ்ரா. முதல் மெயில் வந்த மறுநாளே கமிட்டி கூடிச்சு. முப்பது எங்களால முடியாது. நீங்க விலகிக்கறதா எழுதியிருந்ததால, உங்களுக்கு வெச்சிருந்த இருபத்து நாலாயிரத்தை அடுத்து இருந்தவருக்குக் குடுத்துட்டோம். அவருக்குச் சொல்லியும் ஆச்சு."

கோரா போனை மறு காதுக்கு மாற்றினாள். "என் சீட்?"

"அதையும் இன்னிக்குக் காலையில வேற ஒருத்தருக்குத் தர்றதா இருந்தது. நீங்க சனிக்கிழமை அனுப்பினதைப் பாத்துட்டுத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். சீட் இருக்கு. ஆனா இனிமே முழுக் கட்டணம்தான். ஒரு டாலர்கூட என்னால குறைக்க முடியாது. யோசிக்கணும்னா மத்தியானம் வரைக்கும் காத்திருக்கேன்."

யோசிக்க நிறைய இருந்தது. அயோவாவின் இலவச இடம் புதன்கிழமை வரை திறந்துதான் இருந்தது. வீட்டுக்குச் சேர்த்த பணம் முழுக்கப் போகும், மேலே கடனும் வாங்க வேண்டியிருக்கும். போன வாரம் இருபத்து நாலாயிரம் குறைவாகக் கிடைத்ததை, வேண்டாம் என்று இவளே எழுதிக் கொடுத்ததை, இன்றைக்கு முழு விலைக்கு வாங்குவதா? உடம்பெல்லாம் கூசியது. அவளுடைய ரத்தத்தில் ஊறிய தராசு வேண்டாம், வேண்டாம் என்று ஆடியது. அந்தக் கூச்சம் அவளுக்குப் பழக்கமானது. காற்றாடிக் கம்பெனி பத்தொன்பதுக்கு ஏறிய வாரம், பேக்கரி மேஜையில், இதே கூச்சம்தான். அன்றைக்கு அதைக் கொள்கை என்று நினைத்தாள். வெறும் ரோஷம் அது. நாற்பது சென்டுக்காக விட்டதில் போனது கொஞ்சம்தான். மறுநாள் வாங்காததில்தான் அத்தனையும் போயிற்று. பேக்கரியில் எல்லோரும் இத்தனை வருஷமாகத் தப்பான இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவள் உட்பட.

எடைபோட வேண்டியது ஒன்றைத்தான். முழு விலையில் அது அந்த விலை பெறுமா? போன வாரம் என்ன விலை என்பது யாருக்கு வேண்டும்? சனிக்கிழமை வரிசையின் இரைச்சல் இன்னும் காதில் இருந்தது.

"மத்தியானம் வரைக்கும் வேண்டாம், மேடம்" என்றாள். "இப்பவே சொல்றேன். முழுக் கட்டணத்துக்கு வர்றேன்."

"நிச்சயமாவா? உங்க ஆளுங்க வழக்கமா இன்னொரு தடவை கேட்டுப் பாப்பாங்களே."

"கேட்டா குறைப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப பணம் எங்கே கட்டணும்னு சொல்லுங்க" என்றாள் கோரா. திருமதி பெட்வே முதல்முறையாகச் சிரித்தது போனில் கேட்டது.

வெஸ்லி அன்றைக்கு லெவன்வொர்த் தெருவில் ஒரு தேவாலயத்தின் கூரைமேல் ஏசி பொருத்திக்கொண்டிருந்தான். கோரா காரை நிறுத்திவிட்டு ஏணிக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"என்னாச்சு?" என்று மேலிருந்து கத்தினான். "சீட் இருக்கா?"

"இருக்கு."

"இருபத்து நாலு?"

"போச்சு. வேற யாருக்கோ குடுத்துட்டாங்க."

வெஸ்லி கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். கூரை விளிம்புக்கு வந்து குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். வீடு, அவர்கள் போன மாதம்கூட ஒருமுறை காரில் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அந்த மஞ்சள் வீடு, அவன் மனதில் வந்து போனது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும்தான் வந்து போனது.

"அப்ப அயோவாவா?"

"இல்ல, வெஸ்" என்றாள். "பத்தொன்பதுக்கு வாங்கிட்டேன்."

அவன், தேவாலயத்துக்குள் பியானோ துடைத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்க்கும்படி, அப்படிச் சிரித்தான்.

"ஏணியைப் பிடி" என்றான். "இறங்கி வர்றேன்."